மெர்சிடிஸ்-பென்ஸ்: ஈர்ப்பு நட்சத்திரத்திலா, அதன் கீழே இருக்கும் வேலையிலா?

நெடுவழி:

அனைவருக்கும் வணக்கம். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு விடியற்காலையில், மான்ஹைம் நகரில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி தம் இரு மகன்களையும் எழுப்பி, கணவர் கார்ல் பென்ஸுக்குத் தெரியாமல், பட்டறையிலிருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். போக வேண்டிய இடம் அவருடைய தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம். தூரம் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதுவரை எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் போனதில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார்; தீப்பொறிக் கம்பியின் உறை தேய்ந்தபோது தம் காலுறைப் பட்டியைச் சுற்றிக் கட்டினார். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலம் என்பதால், வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் கறை நீக்குவதற்காக விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். மேடுகளில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்துபோகவே, பௌஷ்லாட் என்ற ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் அந்தக் கட்டையின் மேல் தோல் வைத்து அடித்துத் தரச் சொன்னார். இன்று நாம் பிரேக் லைனிங் என்று சொல்லும் பொருளுக்கு அந்தத் தோல் துண்டுதான் முன்னோடி.

இந்தப் பயணத்தை ஒரு விளம்பரக் கதையாக மட்டுமே சொல்லிவிட்டுப் போவோர் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது பயணத்துக்குப் பின் நடந்தது. மேடு ஏறுவதற்கு இன்னொரு கியர் வேண்டும் என்று பெர்த்தா சொன்னார், கார்ல் பென்ஸ் அதைச் சேர்த்தார். திருமணத்துக்கு முன்பே தம் சீதனப் பணத்தைக் கொடுத்துக் கணவராகப் போகிறவரின் பட்டறையைக் கடனிலிருந்து மீட்டவர் அவர். ஆகவே அந்த வண்டியின் குறையைச் சொல்லும் உரிமை அவருக்கு முழுமையாக இருந்தது. 1886 ஜனவரி 29-ஆம் நாள் 37435 என்ற எண்ணில் காப்புரிமைக்குப் பதிவான முதல் வண்டியின் எஞ்சின் 954 சிசி கொண்டது. அதன் திறன் ஒரு குதிரைத் திறனுக்கும் குறைவு. வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். அந்தப் பொம்மை போன்ற வண்டி ஊர்விட்டு ஊர் போகும் வாகனமானது, ஓட்டிப் பார்த்தவர் குறை சொல்ல, செய்தவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான்.

"பென்ஸ் என்றால் பெயருக்குத்தான் காசு" என்று பலரும் சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. இந்த நிறுவனத்தின் ஈர்ப்பு முதன்மையாகக் கண்ணுக்குப் படாத வேலையிலிருந்து வந்தது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் ஆதாரத்தோடு எழுத வேண்டுகிறேன்.

பழைய ஏடு:

நெடுவழி அவர்கள் எழுதியது கதையின் ஒரு பாதி. மறுபாதி, மான்ஹைமிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய கான்ஸ்டாட்டில் அதே ஆண்டுகளில் நடந்துகொண்டிருந்தது. அங்கே காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் வேகமாகச் சுழலும் சிறிய எஞ்சின் ஒன்றை உருவாக்கி, 1885-இல் மரச்சட்டம் கொண்ட இருசக்கர வண்டியிலும், அடுத்த ஆண்டு ஒரு குதிரை வண்டியிலும் பொருத்தி ஓட்டினார்கள். கார்ல் பென்ஸ் ஒரு முழு வாகனத்தைச் செய்ய நினைத்தார். டைம்லரோ நிலத்திலும் நீரிலும் வானத்திலும் எதில் வேண்டுமானாலும் பொருத்தக்கூடிய எஞ்சினைச் செய்ய நினைத்தார். பின்னாளில் வந்த மூன்று முனை நட்சத்திரத்தின் பொருளும் அதுவே. டாய்ட்ஸ் நகரில் வேலை பார்த்தபோது டைம்லர் தம் மனைவிக்கு அனுப்பிய அஞ்சலட்டையில் தங்கள் வீட்டின் மேல் ஒரு நட்சத்திரத்தை வரைந்திருந்ததை நினைவில் வைத்திருந்த மகன்கள் சொல்ல, 1909-இல் அது வணிகச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டது.

ஆனால் ஈர்ப்பு என்று நாம் பேசும் பொருள் கான்ஸ்டாட்டிலும் பிறக்கவில்லை, மான்ஹைமிலும் பிறக்கவில்லை. அது பிரான்சின் தென்கடற்கரையில், நீஸ் நகரத்துச் செல்வர்களிடையே பிறந்தது. எமில் யெல்லினெக் என்ற வணிகர் டைம்லர் நிறுவனத்தின் கார்களை வாங்கி அங்கே விற்றுவந்தார். பந்தயங்களில் தம் மகளின் பெயரான மெர்சிடிஸ் என்பதையே புனைபெயராக வைத்துக்கொண்டார். முந்தைய கார்கள் உயரமாகவும் முன்பாரம் கூடியும் இருந்ததால் திருப்பங்களில் கவிழும் ஆபத்து இருந்தது. நீளமான, தாழ்வான, வலுவான எஞ்சின் கொண்ட புதிய காரைச் செய்து கொடுத்தால் 36 கார்களை வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அதற்கு என் மகளின் பெயரை வைக்க வேண்டும் என்று 1900-இல் அவர் ஒப்பந்தம் பேசினார். மைபாக் வடிவமைத்த அந்த 35 குதிரைத் திறன் கார், 1901 மார்ச்சில் நீஸ் பந்தய வாரத்தில் மற்ற எல்லாரையும் பின்னுக்குத் தள்ளியது. தேனடை போன்ற ரேடியேட்டரை முன்னால் நிறுத்தி, எஞ்சினை அதன் பின்னும் ஓட்டுநரை அதற்குப் பின்னும் வைத்த அந்த அமைப்பையே பிறகு வந்த எல்லா நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. காட்லீப் டைம்லர் 1900 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். தம் நிறுவனத்துக்குப் புகழ் சேர்த்த அந்தக் காரை அவர் பார்க்கவே இல்லை.

பெயரும் பந்தயமும் பணக்காரர்களின் போட்டியும் சேர்ந்து உருவாக்கிய ஈர்ப்பு இது. கண்ணுக்குப் படாத வேலை அதற்கு அடித்தளம்தான். ஆனாலும் வாங்க வந்தவர்களை இழுத்தது பெயர். யெல்லினெக்கே 1903-இல் தம் குடும்பப் பெயரை யெல்லினெக்-மெர்சிடிஸ் என்று மாற்றிக்கொண்டார் என்பதை விடப் பெரிய சான்று வேண்டுமா?

கான்ஸ்டாட் வாசி:

நான் 11 ஆண்டுகளாக இதே கான்ஸ்டாட்டில் குடியிருப்பவன் என்பதால் ஊர்ச் செய்தி சிலவற்றைச் சேர்க்கிறேன். டைம்லரும் மைபாக்கும் வேலை செய்த தோட்டத்துக் கண்ணாடிக் குடில் பூங்காவின் ஓரத்தில் இன்றும் இருக்கிறது. இரண்டு பேர் பகலும் இரவும் கதவைச் சாத்திக்கொண்டு உலோகத்தைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்த தோட்டக்காரர், கள்ளக்காசு அடிக்கிறார்கள் என்று எண்ணிப் போலீசுக்குச் சொல்லிவிட்டார் என்றும், வந்து பார்த்த போலீசாருக்கு எஞ்சின் பாகங்கள் மட்டுமே கிடைத்தன என்றும் ஒரு கதை இங்கே சொல்லப்படுகிறது. உள்ளே போய் நின்றால் நம் ஊர் மிதிவண்டிக் கடை அளவுக்குத்தான் இடம் இருக்கிறது.

இங்குள்ள மக்கள் பேச்சில் ஒரு வேறுபாடு உண்டு. நாம் "பென்ஸ்" என்கிறோம். ஜெர்மனியின் பிற பகுதிகளில் "மெர்சிடிஸ்" என்கிறார்கள். இந்த வட்டாரத்தில் ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் "டைம்லரில் இருக்கிறேன்" என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் ஒரு உறவினர் வீட்டில் இருப்பதைச் சொல்வது போல. தாத்தா, தந்தை, மகன் என்று மூன்று தலைமுறையாக ஒரே ஆலை வாசலில் நுழைந்த குடும்பங்கள் என் தெருவிலேயே இருக்கின்றன.

2006-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு நான் நாலைந்து முறை போயிருக்கிறேன். மின்தூக்கியில் மேல்தளத்துக்குப் போய், அங்கிருந்து சுழன்று இறங்கும் பாதையில் காலவரிசைப்படி கீழே வர வேண்டும். மேலே கதவு திறந்ததும் முதலில் கண்ணில் படுவது கார் அன்று. ஒரு வெள்ளைக் குதிரை. மோட்டார் வண்டி வந்துபோகும் ஒரு மோகம், குதிரையைத்தான் நம்புகிறேன் என்ற பொருளில் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் சொன்னதாக வழங்கும் கூற்றை அதனோடு வைத்திருக்கிறார்கள். என் மகள் அந்தக் குதிரையின் அருகில் நின்றுகொண்டு, "இங்கே எதற்குக் குதிரை?" என்று கேட்டபோது, இந்தக் கதையை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

புதிய வாசகர்:

மூவரின் பதிவுகளுக்கும் நன்றி. இரண்டு நிறுவனங்கள் எப்படி ஒன்றாயின, நம் நாட்டில் மட்டும் ஏன் "பென்ஸ்" என்ற பெயர் நிலைத்தது என்று யாராவது விளக்க முடியுமா?

பழைய ஏடு:

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில், 1923-இன் பணவீக்கத்துக்குப் பின் கார் வாங்க ஆளில்லாமல் இரு நிறுவனங்களும் தத்தளித்தன. 1924-இல் கூட்டாக இயங்க ஒப்புக்கொண்டு, 1926 ஜூனில் டைம்லர்-பென்ஸ் என்ற ஒரே நிறுவனமாயின. டைம்லரின் நட்சத்திரத்தைச் சுற்றி பென்ஸின் வாகைமாலையை வைத்துப் புதிய சின்னத்தை அமைத்தார்கள்.

பெயர் நிலைத்ததற்கு உறுதியான காரணம் சொல்வது கடினம். ஆனால் நம் சாலைகளில் இந்தப் பெயரைப் பரப்பியதில் லாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1954-இல் டாட்டா நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரிகளைத் தயாரித்தது. 1969 வரை அந்த லாரிகளின் முகத்தில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது; பிறகுதான் அந்த இடத்தில் டாட்டாவின் எழுத்து வந்தது. ஆகவே கார் வாங்க முடியாத கோடிக்கணக்கான மக்கள் இந்த நட்சத்திரத்தை முதலில் பார்த்தது நெல் மூட்டையும் சிமென்ட்டும் ஏற்றிய வண்டிகளின் நெற்றியில்தான். கார்கள் இந்தியாவில் தயாரானது 1990-களின் நடுவில், புனே அருகே. சென்னையை அடுத்த ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகள் தயாராகின்றன. பெயரில் பென்ஸ் இருந்தாலும் அவற்றில் நட்சத்திரம் இல்லை.

பனைநிழல்:

வணக்கம். நான் எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்து, றூர் பகுதியில் ஒரு சிறிய கராஜில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன். பழைய ஏடு அண்ணா சொல்வது போல பெயர்தான் இழுத்தது என்றால், நான் பார்த்த வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது பொருந்தாது. அவர்கள் டக்ஸி ஓட்டிகள். அந்நாளில் ஜேர்மனியில் எந்தப் புகையிரத நிலையத்தின் வாசலில் நின்றாலும் யானைத் தந்த நிறத்தில் டக்ஸிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை மெர்சிடிஸ் டீசல் வண்டிகள். ஒரு டக்ஸி ஓட்டிக்கு வண்டி என்பது வயல் மாதிரி. விளையாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவர் பெயருக்காகக் காசு கொடுக்க மாட்டார்.

டபிள்யூ 123 என்ற வகை 1976 தொடக்கம் 1986 வரை ஏறத்தாழ 27 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. அதன் 240 டி, 300 டி என்ற டீசல் வண்டிகளின் வேகத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பச்சை விளக்கு விழுந்த பிறகு பின்னால் நிற்பவர் பொறுமையாக இருக்க வேண்டும். ஆனால் அந்த எஞ்சின்களின் உள்ளே பாருங்கள். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான காம்ஷாஃப்டை ஓட்டுவது இரும்புச் சங்கிலி. எரிபொருள் பம்ப் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்து ஓடும். ஓடும் எஞ்சினுக்கு மின்சாரம் தேவையில்லை; பற்றரி செத்தாலும் அது நிற்காது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவதுகூட மின்சாரத்தால் அல்ல, காற்று உறிஞ்சும் மெல்லிய குழாய்களால். பழைய வண்டிகளில் அந்தக் குழாய் எங்காவது வெடித்துக் கசிந்தால் சாவியைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பொனட்டைத் திறந்தால் எஞ்சினின் மேல் "நிறுத்து" என்று எழுதிய ஒரு சிறு நெம்பு இருக்கும். விரலால் அழுத்தினால் அடங்கிவிடும். முதன்முறை என் முதலாளி அதை எனக்குக் காட்டியபோது, "இதைச் செய்தவன், இது பழுதாகப் போகும் நாளையும் யோசித்திருக்கிறான்" என்று சொன்னார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு அந்தச் சொல் மறக்கவில்லை.

கிரேக்க நாட்டு டக்ஸி ஓட்டி ஒருவர் தம் 240 டி வண்டியில் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடிவிட்டு 2004-இல் அதை நிறுவனத்திடம் ஒப்படைத்தார். அது இப்போது அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பூமியை 100 தடவைக்கு மேல் சுற்றிய தூரம் அது. மேற்கு ஆபிரிக்காவிலும் மொறோக்கோவிலும் இதே வண்டிகள் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு பல ஆண்டுகள் ஓடின. அந்த மக்களை யாரும் நீஸ் நகரத்துக்குக் கூட்டிப் போகவில்லை.

கோவைப் பொறியாளர்:

பனைநிழல் ஐயா சொன்ன நெம்புகோலைப் படித்ததும் எனக்குப் பேலா பாரெனி நினைவுக்கு வந்தார். 1939-இல் டைம்லர்-பென்ஸில் சேர்ந்து, வாழ்நாளில் 2,500-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற பொறியாளர் அவர். அந்நாளில் கார் கனமாகவும் கெட்டியாகவும் இருந்தால் பாதுகாப்பு என்றே எல்லாரும் நம்பினார்கள். மோதலில் வண்டி நசுங்கவில்லை என்றால் மோதலின் ஆற்றல் முழுவதும் உள்ளிருப்பவரின் உடம்பில்தான் இறங்கும் என்பதை அவர் கண்டார். ஆகவே நடுவில் மனிதர் அமரும் அறை மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும், முன்னும் பின்னும் திட்டமிட்டு நசுங்க வேண்டும் என்று 1951-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தேங்காயை நாரோடு கீழே போட்டால் ஓடு பிழைத்துக்கொள்வதைப் பார்த்த நமக்கு இது எளிதாகப் புரியும்; உலோகத்தை எங்கே, எவ்வளவு, எந்த வரிசையில் மடங்கச் செய்வது என்பதுதான் கடினமான வேலை. 1959-இல் வந்த டபிள்யூ 111 வகை அந்தக் கொள்கைப்படி செய்யப்பட்ட முதல் கார். அதே ஆண்டு செப்டம்பரில் சிண்டல்ஃபிங்கன் ஆலையில் ஒரு காரைத் தடுப்பின் மீது மோதவிட்டுச் சோதித்தார்கள்.

அதன்பின் 1978-இல் போஷ் நிறுவனத்தோடு சேர்ந்து எஸ் வகுப்பில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கையும், 1980-களின் தொடக்கத்தில் ஏர்பேக்கையும், 1995-இல் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்பியையும் கொண்டுவந்தார்கள். இவை இன்று சிறிய கார்களிலும் இருப்பதால் அவற்றின் அருமை நமக்குத் தெரிவதில்லை. ஆனால் எனக்குச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இந்த நிறுவனத்தின் குணம் தெரிகிறது. 1970-களின் எஸ் வகுப்பில் பின்விளக்கின் கண்ணாடி வரிவரியாகக் குழிந்திருக்கும். அழகுக்குச் செய்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மேடான வரிகளில் சேறு படிந்தாலும் குழிகள் சுத்தமாக இருப்பதால், பின்னால் வருபவருக்கு விளக்கு தெரியும். டபிள்யூ 124-இல் ஒரே ஒரு வைப்பர்தான். அது அரைவட்டமாகச் சுழலாமல், மூலைகளுக்குப் போகும்போது நீண்டும் நடுவில் சுருங்கியும் கண்ணாடியின் 86 விழுக்காட்டைத் துடைக்கும். என் பெரியப்பா வேலை பார்த்த மில்லின் முதலாளியிடம் அந்தக் கார் ஒன்று இருந்தது. சிறுவனாக இருந்தபோது ஒரு மழை நாளில், அந்த வைப்பர் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு போர்டிகோவில் நெடுநேரம் நின்றேன். பொறியியல் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றைக்கு வந்ததுதான்.

ஆகவே நெடுவழி அவர்களின் கட்சியில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. 1997-இல் சிறிய ஏ வகுப்புக் கார் வந்தபோது, ஸ்வீடனில் ஒரு இதழ் நடத்திய சோதனையில், சாலையில் திடீரெனக் காட்டுமான் குறுக்கே வந்தால் விலகுவது போல ஒடித்துத் திருப்பியதில், அந்தக் கார் கவிழ்ந்தது. முதலில் தயங்கிய நிறுவனம், பிறகு விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த ஈஎஸ்பியை எல்லா ஏ வகுப்புக் கார்களிலும் பொருத்தியது. அந்த அவமானத்தின் விளைவாகத்தான் ஈஎஸ்பி சிறிய கார்களுக்கு இறங்கி வந்தது.

பழைய ஏடு:

கோவைப் பொறியாளர் ஒரு குறையைத் திறந்து வைத்ததால், அதைவிடப் பெரியதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை. 1930-களில் இந்த நிறுவனம் நாஜி அரசோடு நெருங்கி வளர்ந்தது. ஹிட்லர் நின்றபடி ஊர்வலம் போன பெரிய திறந்த கார்கள் இவர்கள் செய்தவை. அதே அரசின் பண உதவியோடுதான் வெள்ளி அம்புகள் என்று புகழ்பெற்ற பந்தயக் கார்களும் ஓடின. 1938 ஜனவரியில் ருடால்ஃப் கராச்சியோலா பொதுச் சாலையில் மணிக்கு 432 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய சாதனையை இன்றும் வியந்து எழுதுகிறோம். அந்தச் சாதனையை முறியடிக்க முயன்ற போட்டி நிறுவனத்தின் ஓட்டுநர் பெர்ண்ட் ரோஸமையர் அன்றைக்கே அதே சாலையில் இறந்தார். போர் தொடங்கிய பின் விமான எஞ்சின்களும் லாரிகளும் செய்த ஆலைகளில், 1944-ஆம் ஆண்டுவாக்கில், பணியாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டவரும் போர்க்கைதிகளும் வதைமுகாம் கைதிகளுமாக இருந்தார்கள். இதை நிறுவனமே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது. 1988-இல் இழப்பீட்டுக்காக 2 கோடி மார்க் ஒதுக்கியது. போர் முடிந்து 40 ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்தப் பணம் வந்தபோது, பெற வேண்டியவர்களில் பலர் உயிரோடு இல்லை.

தரம் என்றும் துல்லியம் என்றும் நாம் பாராட்டும் பழக்கங்கள் அந்த ஆண்டுகளிலும் அதே ஆலைகளில் இருந்தன. கையால் செய்த வேலையை நாம் ரசிக்கும்போது, எந்தக் கைகள் என்று கேட்பதும் அந்த ரசனையின் பகுதியாக இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நெடுவழி:

பழைய ஏடு அவர்கள் எழுதியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை; அதற்குப் பதில் இல்லை. என் தொடக்கப் பதிவிலேயே அது இடம்பெற்றிருக்க வேண்டும்.

போருக்குப் பிந்தைய காலத்திலிருந்து ஒரு காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1954-இல் நியூயார்க்கில் அறிமுகமான 300 எஸ்எல் காரின் கதவுகள் பறவையின் சிறகு போல மேல்நோக்கித் திறக்கும். அது கவர்ச்சிக்காகச் செய்ததாகத்தான் பலர் நினைக்கிறார்கள். எடை குறைவதற்காக நிறுவனத்தின் பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹவுட் மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பின்னி, 50 கிலோ அளவே உள்ள சட்டகத்தை அமைத்தார். அந்தப் பின்னல் பக்கவாட்டில் உயரமாக வந்ததால் வழக்கமான கதவு வைக்க இடமே இல்லாமல் போயிற்று. வேறு வழியின்றிக் கீலைக் கூரையில் வைத்தார்கள். உள்ளே கால் நுழைக்க இடம் போதாததால் ஸ்டீயரிங் வளையமும் மடங்கும்படி செய்யப்பட்டது. 1,400 கார்கள் மட்டுமே அந்த வடிவில் வந்தன. உலகமே அழகு என்று கொண்டாடும் ஒன்று, ஒரு குழாயை எங்கே வைப்பது என்ற சிக்கலிலிருந்து பிறந்தது என்பதில் எனக்கு ஒரு பெரிய நிறைவு உண்டு.

அதற்கு அடுத்த ஆண்டு, 1955-இல், ஸ்டெர்லிங் மாஸ் என்ற ஓட்டுநர் இந்த நிறுவனத்தின் காரில் இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் ஓட்டி வென்றார். பக்கத்தில் அமர்ந்திருந்த டெனிஸ் ஜென்கின்சன், வழியின் ஒவ்வொரு வளைவையும் குறித்த 5 மீட்டருக்கும் நீளமான காகிதச் சுருளை உருட்டிக்கொண்டே கையசைவால் வழி சொன்னார். ஆறே வாரத்தில், லெ மான் பந்தயத்தில் இதே நிறுவனத்தின் கார் ஒன்று கூட்டத்தின் மீது பாய்ந்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டின் முடிவில் நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகியது. ஃபார்முலா 1 களத்துக்குத் தன் சொந்த அணியோடு அது திரும்பியது 2010-இல்தான்.

பனைநிழல்:

என் பதிவில் நான் பழைய வண்டிகளை மட்டும் புகழ்ந்தேன் என்று என் மகன் குறை சொன்னான், நியாயமான குறைதான். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் செலவைக் குறைக்கும் எண்ணம் இந்த வண்டிகளுக்குள் வந்துவிட்டது. நான்கு வட்ட விளக்குகளோடு 1995-இல் வந்த டபிள்யூ 210 வகையில் கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் துரு ஏறியது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. டபிள்யூ 123-உம் துருப்பிடிக்கும். ஆனால் அது தன் வயதைப் போக்கிய பிறகு. பிறகு டீசல் புகை அளவீட்டில் விதியை மீறியதற்காக 2019-இல் ஸ்ருட்காட் அரச வழக்குத்தொடுநர் 87 கோடி யூரோ தண்டம் விதித்தார்கள். டீசலால் பேர் எடுத்த நிறுவனம் டீசலால் பேரைக் கெடுத்துக்கொண்டது எனக்குச் சொந்த வீட்டு வழக்குப் போல வலித்தது. டக்ஸி வரிசைகளில் இப்போது மற்ற நிறுவனங்களின் வண்டிகள் நிறைய நிற்கின்றன.

கோவைப் பொறியாளர்:

ஐயா சொல்வது உண்மை. ஆனாலும் அந்தப் பழைய குணம் முழுவதும் போய்விடவில்லை என்பதற்கு ஒரு சான்று. 2022-இல் இவர்களின் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற சோதனை மின்கார் சிண்டல்ஃபிங்கனிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பிரான்சின் தென்கடற்கரை வரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே சார்ஜில் ஓடியது. சில வாரம் கழித்து இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் வரை 1,202 கிலோமீட்டர் போனது. பெரிய பேட்டரியைத் திணித்துச் செய்த சாதனை இல்லை அது. காற்றுத் தடையை 0.17 என்ற அளவுக்குக் குறைத்து, டயரின் உருளல் தடையையும் எடையையும் கிராம் கணக்கில் குறைத்துச் செய்தது. இது விற்பனைக்கு வரும் கார்களில் எவ்வளவு இறங்கும் என்பதை வைத்துத்தான் அடுத்த தலைமுறைக்கு ஈர்ப்பு இருக்குமா என்று சொல்ல முடியும்.

கான்ஸ்டாட் வாசி:

இந்தப் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தபோது வந்த ஆசையில், போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பெர்த்தா பென்ஸ் போன வழியில் ஒரு பகுதியைக் காரில் போய் வந்தேன். மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கும் அங்கிருந்து திரும்பவும் செல்லும் அந்த வழி முழுவதற்கும் இப்போது நினைவுச் சாலையாக அடையாளப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். வீஸ்லோக்கில் மருந்துக்கடைக் கட்டடம் இன்றும் இருக்கிறது. வாசலில் பெர்த்தாவின் நினைவாக ஒரு சிற்பமும் உண்டு. நாங்கள் போன நேரத்தில் வேறு யாரும் அங்கே இல்லை. எதிரே ஒரு வயதான பெண்மணி காய்கறிப் பையோடு பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தார்.

அங்கிருந்து தெற்கே போகும் வழியில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, பையன்கள் இறங்கித் தள்ளிய மேடு இப்படித்தான் இருந்திருக்கும் என்று மகளிடம் சொன்னேன். அவள் சாலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது மேடா?" என்றாள். எங்கள் கார் அந்த ஏற்றத்தில் கியரைக்கூட மாற்றாமல் வந்திருந்தது. இறங்கி நடந்து பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். பாதித் தூரத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது.